நுனி பார்த்தாச்சா?

வேலை முடிந்து அறைக்கு வந்த கொடியம்மா தொப்பியை உதறியபோது சிவப்புப் பூ ஒன்று தரையில் விழுந்தது. குழல் போல நீண்ட பூ, வாசமே இல்லை. குனிந்து எடுத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அந்தக் காட்டில் ஹனிசக்கிள் கொடி இரண்டு வகை. எங்கிருந்தோ வந்து மரங்களின் கழுத்தை நெரிக்கும் வெள்ளைப்பூக் கொடி ஒன்று. யார் வம்புக்கும் போகாத நாட்டுக்கொடி மற்றொன்று; அதன் பூ சிவப்பு. வெளியிலிருந்து வந்த கொடிக்குச் சிவப்பு நாடா கட்டுவது இவள் வேலை, நாடா கட்டியதை வெட்டுவது மேஸ்திரி வேலை. கீழ் இலைகளைப் பார்த்தால் எவருக்கும் குழப்பம் வரும். நாட்டுக்கொடியில் மட்டும் பூவுக்குக் கீழே உள்ள கடைசி ஜோடி இலைகள் ஒட்டி ஒரே தட்டாகிவிடும். நடுவில் துளைத்துக்கொண்டு தண்டு போகும். மதியம் ஓடைக்கரையில் ஒரு கொடிக்கு மட்டும் அண்ணாந்து பார்க்கச் சோம்பல்பட்டு நாடாவைக் கட்டிவிட்டாள். பல வருடம் தேடியும் கிடைக்காத நாட்டுக்கொடி, காலையில் வெட்டுப்படப் போகிறது.

மேஸ்திரிக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தார்.

பதினோரு வருடம் இந்தத் தப்பு நடந்ததில்லை. அவள் பார்த்துச் சொல்வாள், கணவர் எழுதுவார். "நீங்க வெறும் குமாஸ்தா" என்று சீண்டுவாள். அந்தக் குமாஸ்தா ஒவ்வொரு கொடிக்கும் ஒரே கேள்வி கேட்டு உயிரை வாங்குவார். போன வருடம் அவர் போய்ச் சேர்ந்ததிலிருந்து சொல்வதும் இவளே, எழுதுவதும் இவளே. அறையின் இரண்டாவது நாற்காலியில் துவைத்த துணி கிடந்தது. தனியாகச் சாப்பிடுவதுகூடப் பழகிவிட்டது. தப்பு செய்தால் திட்ட ஆளில்லாததுதான் தாங்கவில்லை.

விடிந்தும் விடியாததுமாக, கைக்குக் கிடைத்த கணவரின் பழைய குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். மேஸ்திரி அரிவாளோடு கொடியடியில் நின்றிருந்தார்.

"வெட்டாதீங்க! தப்பா கட்டிட்டேன்."

"நாடா நீங்க கட்டினதுதானேம்மா?"

"நான்தான். என் புத்தியத்தான் சொல்லணும்."

"நாடாவ அவுக்கணும்னா ஒருத்தர் பாத்துச் சொல்லி, இன்னொருத்தர் எழுதணுமே. அதுதானே சட்டம்?"

"அப்ப நீங்க எழுதுங்க" என்று குறிப்பேட்டை நீட்டிவிட்டுக் கல்மேல் ஏறினாள். கையிலிருந்த குடையின் வளைந்த பிடியால் கொடியைக் கீழே இழுத்தாள்.

"பூ சிவப்பு. குழல் மாதிரி."

எழுதினார்.

"வாசம் இல்ல."

எழுதப்போனவர் நிறுத்திவிட்டு, பக்கத்தின் உச்சியில் இருந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்தார். "இங்க யாரோ முன்னாடியே எழுதி வச்சிருக்காங்களேம்மா. நுனி பாத்தாச்சா?"

ஒரு வருடமாக அவளை யாரும் அதைக் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நுனியை முகத்தருகே வளைத்தாள். இரண்டு இலையும் ஒன்றாகி நின்றன, நடுவில் தண்டு.

"பாத்தாச்சுங்க" என்றாள்.

மேஸ்திரி அதையும் எழுதிக்கொண்டார்.