அக்காவின் இடது கன்னம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, அக்காவின் முகத்திலிருந்து திருடியது. முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்கள் கண்டுபிடித்து என் மானத்தை வாங்கவேண்டாம்.

அக்கா இருபத்திரண்டு வருடம் ஓட்டல் வரவேற்பு மேசையில் நின்றவள். முகத்தில் வயது தெரிகிறதென்று புது மேலாளர் அவளை உள்ளறைக்கு மாற்றினார். மறுமாதமே போய், முகத்தோலை இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்தாள். (அத்தானுக்கே முந்தின நாள்தான் தெரியும்.)

2

முதல் தொடக்கம்: "கண்ணாடியில் அவளுக்குப் பதில் வேறொருத்தி..." வேண்டாம். ஆளாளுக்கு எழுதியாயிற்று.

இரண்டாவது: "கம்மலைத் தொட்டாள், உதட்டோரம் கூசியது." இதில் பொய்யில்லை. ஆறாவது வாரம் அக்காவே சொன்னது.

"காதுகிட்ட தொட்டா வாய்கிட்ட தெரியுதுடா. இடது கன்னத்துல எறும்பு ஊருது. தட்டினா எறும்பும் இல்ல, கன்னமும் இல்ல, மரத்துக் கிடக்கு. நடுநடுவுல சுரீர்னு ஷாக் அடிக்குது."

வெட்டுப்பட்ட நரம்பு மறுபடி வளர்கிறது, உணர்வு திரும்ப ஒரு வருடம்கூட ஆகலாம் என்றாராம் டாக்டர். அதற்கெல்லாம் அவள் அசரவில்லை. அழுதது வேறொன்றுக்கு.

"உன் அத்தான் இன்னிக்கு வரைக்கும் என் மூஞ்சியத் தொடலடா. அருவருப்பா இருக்குபோல. தனியா வீடு பாத்துட்டேன். ஒண்ணாந்தேதி போயிடுவேன்."

3

அத்தான் என்ற பாத்திரம் ஆரம்பத்திலிருந்தே எனக்குப் பிடிபடவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நாள் முழுக்க ஊரார் காதில் கண்ணாடியை மாட்டிச் சரிபார்ப்பவர், வீட்டில் வாயைத் திறக்காதவர். கல்நெஞ்சக்காரர் என்று எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

அக்காவின் கண் உலர்ந்துபோவதால் தினமும் சொட்டு மருந்து விடுவது அவர்தான். அதை வைத்து இப்படி எழுதினேன்:

"மருந்து விட்டதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் அவளுடைய இடது கன்னத்தில் புறங்கையை வைத்தார். எடுக்க மனமில்லாமல் வைத்திருந்தார். அவளுக்குத் தெரியவில்லை."

4

அக்கா இதைப் படித்தாள்.

"இது எப்போ நடந்துச்சு?"

"கதைக்கா..."

"கதையா? இல்ல பாத்தியா?"

தாளை அவளிடமிருந்து வாங்கி மடித்தேன்.*

"தினமும் தொட்டு, அதுவே எனக்குத் தெரியாமப் போயிருந்தா?" என்றாள்.

ஒரு குடும்பம் என் நாலு வரியில் மாட்டிக்கொண்டது அப்போதுதான் உறைத்தது.

(* போன வாரம் வாசலில் நின்றபோது அவர் கை அவள் முகத்துப் பக்கம் போனதைப் பார்த்தேன். தொட்டதா, வழிந்த மருந்தைத் துடைத்ததா, நானே சேர்த்துக்கொண்டதா? எழுதி எழுதி எனக்கே குழம்பிவிட்டது.)

5

முடிவு ஒன்று: ஒண்ணாந்தேதி அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு... அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: கன்னத்தில் உணர்வு திரும்பி... நரம்பு என் வசதிக்கு வளராது.

நடந்தது இதுதான். மறுநாள் காலை அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "நீ கதவுகிட்ட நில்லு. அவர் போனதும் கேப்பேன். கதை விடாம பாத்ததைச் சொல்லு."

அத்தான் வந்தார். கண்ணுக்கு ஒரு சொட்டு. அக்கா கண்ணை மூடினாள். அவர் பாட்டிலை மூடி வைத்தார். என்னைக் கவனிக்கவில்லை. அவர் கை மெல்ல அவள் கன்னத்துப் பக்கம்...

நான் கண்ணை மூடிக்கொண்டேன். நான் எழுதியது பொய்யாகிவிடுமோ என்ற பயம். திறந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

"தொட்டாராடா?" என்கிறாள் அக்கா. இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

நீங்களும் என்னோடு கதவருகில்தான் நின்றீர்கள். நீங்கள் கண்ணை மூடவில்லை. சொல்லுங்கள்.