கால்மணி நேர நாக்கு

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அக்காவுக்கு வாய்தான் மூலதனம். "பிரேக்! பிரேக்கை மிதிய்யா, ஆக்ஸிலேட்டரை இல்ல!" என்று அவள் போடும் சத்தத்தில் அடுத்த தெருவில் போகிற சைக்கிள்காரனும் காலை ஊன்றிவிடுவான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அப்படிப் பிழைத்தவள். சொந்தச் சம்பாத்தியத்தில் கார் வாங்கி, தான் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் வைத்து, கூரையில் பலகை மாட்டித் தொழில் நடத்தினாள்.

அந்த வாயில்தான் புண் வந்தது. உடம்பு தன்னையே பகையாளி என்று நினைத்துத் தாக்கிக்கொள்ளும் வியாதி அவளுக்குப் பல வருஷமாக உண்டு. லூபஸ் என்று பெயர். மூட்டுவலியாகவும் சோர்வாகவும் வந்து போய்க்கொண்டிருந்தது, இந்த முறை நாக்கடியிலும் கன்னத்தின் உள்பக்கமும் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. டாக்டர் மாத்திரையைக் கூட்டி, ஆற நாளாகும் என்றார். அதுவரை சாப்பாட்டுக்கு முன், வேளைக்கு ஒரே ஒரு தடவை, தடவ ஒரு களிம்பு கொடுத்தார். தடவினால் கால்மணி நேரம் வாய் மரத்திருக்கும். அதற்குள் சாப்பிட்டு எழுந்துவிட வேண்டும்.

வீட்டில் மட்டும் டாக்டர்களுக்குப் பஞ்சமா? "எல்லாம் சூடு. தேனைத் தடவு," என்றாள் மாமியார். "கோபத்தைக் கொறைச்சா புண்ணு தானா ஆறும் அண்ணி," என்றாள் நாத்தனார், கோபம் வருகிற மாதிரியே. அக்கா பதில் சொல்லவில்லை. ஒரு வார்த்தை பேசினால் நாக்கு பல்லில் உரசி உயிர் போய் உயிர் வந்தது.

பேசாமல் இருக்க இருக்க, அடேயப்பா, அவளுக்கு வந்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே! "என்னமா பக்குவப்பட்டுட்டா!" என்று வருவோர் போவோரிடமெல்லாம் மாமியார் பூரித்தாள். "இப்பத்தான் வீடு வீடா இருக்கு," என்றான் புருஷன். நல்ல மனுஷன்தான். பெண்டாட்டி வலியில் வாயடைத்துக் கிடப்பது அவனுக்குக் காதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

கொழுந்தனுக்குத்தான் அண்ணியின் உடம்பைப் பற்றி ஒரே கவலை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. எந்தத் தொழிலில் கைவைத்தாலும் இழுத்து மூடிய மகராசன் அவன். "நீங்க ஓய்வெடுங்க அண்ணி. வண்டி சும்மாதானே நிக்குது? நான் வாடகைக்கு ஓட்டறேன்." அண்ணி வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தாள். "பாவம், வலிக்குது போல," என்றாள் மாமியார். 'வண்டியைத் தர மாட்டேன்' என்று அக்கா புருஷனுக்குப் போனில் எழுதி அனுப்பினாள். அவன் படிக்காமலே ஒரு கட்டைவிரலை உயர்த்தி அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, ஆணியில் தொங்கிய கார்ச் சாவியைக் கொழுந்தன் எடுத்துத் தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"நாளைக்கு மெக்கானிக் வர்றான். பலகை, அந்த ரெண்டாவது பிரேக் எல்லாத்தையும் கழட்டிடலாம்."

"அவதான் ஒண்ணும் சொல்லலையே. மௌனம் சம்மதம்," என்றாள் மாமியார்.

அக்கா காலையிலிருந்து பட்டினி, களிம்பு தடவி வாய் அப்போதுதான் மரத்திருந்தது. சாப்பிடுவதா, பேசுவதா? தட்டைத் தள்ளி வைத்தாள்.

"தாவியை வை," என்றாள். மரத்த நாக்கு குழறியது. ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் கண்ணைப் பார்த்து யாரால் சிரிக்க முடியும்?

"சாவியை வைடா! எங்கிட்ட நீ கத்துக்கிட்டப்போ அந்த ரெண்டாவது பிரேக்கை நான் மிதிக்கலைன்னா, இன்னிக்கு நீ சுவத்துல போட்டோவா தொங்கியிருப்பே. அதையா கழட்டப்போறே? அத்தை, நான் பக்குவமும் படலை, ஒரு மண்ணும் படலை. எனக்குப் புண்ணு! ஏங்க, உங்களைத்தான். நான் துடிச்சாத்தான் உங்களுக்கு வீடு வீடா இருக்குமா? அது என் வண்டி. நான் செத்தப்புறம் வந்து கேளுங்க. அப்பவும் யோசிச்சுத்தான் தருவேன்."

அத்தனை நாளாக மென்று முழுங்கியதையெல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டினாள். சாவி மேஜைமேல் நகர்ந்து நகர்ந்து அவள் கைக்கு வந்தது. இடுப்பில் செருகிக்கொண்டு தட்டை இழுத்தாள்.

அதற்குள் கால்மணி நேரம் முடிந்துவிட்டது. முதல் கவளத்திலேயே உப்பு புண்ணில் பட்டு, கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. களிம்பை மறுபடி தடவச் சாயங்காலம் வரை பொறுக்க வேண்டும். பசியோ பொறுக்காது.

மாமியாருக்கு மனசு இளகிவிட்டது. "பாத்தியா, பேசிட்டு இப்ப வருத்தப்படறா. சரி சரி, அழாதே. நாங்க உன்னை மன்னிச்சுட்டோம்."

புருஷன் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தான்.

அதற்கு அக்காவிடம் அருமையான பதில் ஒன்று இருந்தது. கண்ணீர் வடிய வடிய அதையும் சோற்றோடு மென்று முழுங்கினாள்.