கறி தின்றபின் ஒரு மடக்கு

கலைவாணன் மொழிபெயர்ப்பு நாவல்களில் மட்டுமே ஒயின் குடித்திருந்தான். கல்பாக்கம் பஸ்ஸில் தினமும் அதன் ருசியை அவன் வர்ணிக்க, கூட வேலை பார்க்கும் ஜெபாவும் ராமதாஸும் வாய் பிளந்து கேட்பார்கள். இன்று மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டலில், மத்தியானச் சாப்பாட்டுக்கு, நிஜமான பிரெஞ்சு ஒயினே மேசைக்கு வந்துவிட்டது.

ராமதாஸ் ஒரு மடக்கு குடித்து முகம் சுளித்தான். "இன்னா மச்சான், நாவப்பழத்த புளியில ஊறவச்ச மாதிரி கீது. இதுக்கா இவ்ளோ நாளா கத வுட்டுகினு இருந்த?"

கலைவாணனும் குடித்தான். நாக்கு துவர்த்தது. படித்ததெல்லாம் பொய்யோ? இனி பஸ்ஸில் இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

அப்போது ஸ்டேக் வந்தது. கையகல மாட்டிறைச்சி, ஓரத்தில் கொழுப்பு உருகி, மிளகு மணத்தது. பசியிலிருந்த ஜெபா பெரிய துண்டாக வாயில் போட்டான். அது தொண்டையை அடைக்கவே அவசரமாக ஒயினைக் குடித்தான். அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாடா ஆச்சு?" என்றான் ராமதாஸ்.

"பேசாத. கறிய துன்னுட்டு குடி."

கலைவாணன் மென்றான், குடித்தான். துவர்ப்பு போன இடம் தெரியவில்லை. கொழுப்பும் பழரசமும் ஒன்றாகக் கரைந்து நாக்கில் வழுக்கி ஓடின. அவனுக்கு எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது.

ராமதாஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "அந்த புக்குல அடுத்து இன்னா துன்றாங்க, சொல்லு."