ஊற்றுப் படலின் முடிச்சு

கவினா ஒரு துண்டு சைக்கிள் டியூபைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு வருடம் தூங்கினாள். புருஷன் போன துக்கத்தில் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சோர்கோலி ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசுகிறவர்களுக்கு வாய் வலிக்கவா போகிறது? ஐம்பத்து நான்கெல்லாம் ஒரு வயதா? அவளுக்கு எதுவும் பிசகவில்லை. தலையணைக்கு அடியில் அவள் வைத்திருந்தது வஞ்சம்.

அந்த டியூப் துண்டில் ஒரு முடிச்சு இருந்தது.

இத்தாலியின் சார்டீனியாத் தீவில், நடுமலையில் மேய்ச்சல் நிலத்துக்கு மேய்ச்சல் நிலம் கல்சுவர் உண்டு, சுவருக்குச் சுவர் ஒரு படல் உண்டு. படல் என்றால் பெரும்பாலும் யாரோ செத்துப்போன பழைய இரும்புக் கட்டிலின் தலைமாடுதான். கவினாவின் ஊற்றுப் படல் அவள் மாமியாரின் கட்டில். திறந்திருக்கும் படலைத் திறந்தபடி விடவேண்டும், மூடியிருப்பதை மூடிவிட்டுப் போகவேண்டும். நடை பழகும் பிள்ளைக்குக்கூட அங்கே இது தெரியும். படலை யாரும் மறந்து திறந்து போடுவதில்லை. ஆடுகள் தண்ணீருக்குப் போக வேண்டும் என்றுதான் திறந்து வைக்கிறார்கள்.

மருந்துக்கடைக்காரர் மகன் ஒட்டாவியோவுக்கு மட்டும் இது தெரியாமல் போனது. அந்த ஊரிலேயே பிறந்தும் ஆட்டு வாடை ஆகாமல் வளர்ந்தவன். கடற்படையில் இரண்டு வருடம், பட்டணத்தில் பத்து வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, வெளிநாட்டுக்காரர்களைச் சைக்கிளில் கூட்டிப்போக ஆரம்பித்தான். ரயில் நின்றுபோன பழைய பாதை, தண்டவாளத்தை எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். முப்பத்தெட்டுக் கிலோமீட்டருக்கு ஒரு கார் கிடையாது, ஒரு வீடு கிடையாது. அந்த அமைதிக்காகவே ஜெர்மனியிலிருந்தும் ஹாலந்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நடுவழியில் தண்ணீர் என்று இருந்தது கவினாவின் ஊற்று ஒன்றுதான். ஒட்டாவியோ படலுக்குப் படல் மூன்று மொழியில் பலகை அடித்தான்: ‘தயவுசெய்து படலை மூடிவிட்டுச் செல்லவும்.’ ரொம்பத்தான் பொறுப்பு!

போன செப்டம்பரில் கவினா மலைக்கோயில் திருவிழாவுக்குப் போனாள். அங்கேயே மூன்று நாள் தங்கி ஜெபிப்பது வழக்கம். மேல் மேய்ச்சலிலிருந்த ஆடுகள் ஊற்றுக்கு இறங்கிப் போய்வர, படலை அகலத் திறந்து கல்லை அண்டக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அந்த மூன்று நாளும் ஆப்பிரிக்காவிலிருந்து தெற்குக் காற்று நெருப்பாக அடித்தது. நான்காம் நாள் காலையில் திரும்பி வந்தவளுக்கு முதலில் நாற்றம்தான் வந்தது. படல் மூடிக் கிடந்தது. முப்பத்தொரு ஆடுகள் அதன்மேல் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து செத்துக் கிடந்தன, எல்லாம் சினை ஆடுகள். முப்பது அடி தள்ளி ஊற்று சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. உயிரோடு மிச்சமிருந்தவை அந்தச் சத்தம் வந்த பக்கம் பார்த்து நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன.

படலைக் கட்டியிருந்தது சைக்கிள் டியூப். முடிச்சோடு மல்லுக்கட்டினாள், அவிழவில்லை. கத்தியால் முடிச்சுக்குப் பக்கத்தில் அறுத்துத் திறந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே மதுக்கடையில் ஒட்டாவியோவைப் பிடித்தாள். ஊர்த்தலைவர் பசிலியோவும் அங்கே இருந்தார்.

“நீதானேடா கட்டின?”

“நானா? நாங்க வர்றப்பவே மூடித்தான்க்கா கிடந்துச்சு. மூடிக் கிடந்ததை மூடிட்டுப் போனோம். நீங்க திருவிழா அவசரத்துல மறந்திருப்பீங்க. வயசானா வர்றதுதானே!”

“டியூப் யாரோடது?”

“டியூப் துண்டு வழியெல்லாம் கிடக்கு. எவன் வேணா எடுத்துக் கட்டியிருப்பான்.”

நாலு பேர் சிரித்தார்கள். பசிலியோ கோப்பையை வைத்துவிட்டு, “செத்தது செத்துப்போச்சு, கவினா. இவனால ஊருக்கு நாலு பேர் வர்றாங்க. அதைக் கெடுக்காத” என்றார்.

‘தெரியாமல் கட்டிவிட்டேன் அக்கா’ என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அழுது தீர்த்துவிட்டு அதோடு விட்டிருப்பாள். அவனோ அவளைத் தாகத்தில் ஆட்டைக் கொன்றவள் ஆக்கினான். அந்த மலையில் ஒரு இடைச்சிக்கு அதைவிடக் கேவலமான பெயர் இல்லை. கிடாய் இரவல் கேட்டால் ஒருவரும் தரவில்லை. அடுத்த வருடம் செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாளன்று ஊர் மேய்ச்சலைப் பங்கிடும்போது, மேல் மேய்ச்சலையும் ஊற்றையும் வேறு ஆளுக்குக் கொடுக்கப்போவதாகப் பசிலியோ சொல்லியும் விட்டார். ஊற்று போனால் மந்தையை விற்கவேண்டியதுதான்.

கொழுந்தன் ஜோஸ்தோ ஒரு வழி சொன்னான். “ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணி, அவன் கொட்டகையோட அத்தனை சைக்கிளையும் கொளுத்திடறேன்.”

“கொளுத்தினா அய்யோ பாவம்னு ஊரு அவனுக்காக அழும். எனக்கு அவன் அழணும்.”

குளிர்காலம் முழுக்க அடுப்போரம் உட்கார்ந்து அந்த முடிச்சையே பார்த்தாள். எது மேலே போகிறது, எது அடியில் நுழைகிறது என்று கம்பளி நூலில் போட்டுப் போட்டுப் பிரித்தாள். மலையில் யாரும் போடாத முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும், ஆனால் உள்ளே மடங்கிக் கிடக்கும் ஒரு நுனியைக் கண்டுபிடித்துச் சுண்டினால் பொலபொலவென்று விட்டுவிடும். கப்பல்காரன் முடிச்சு. அந்த ஊரில் கடலைப் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள், கப்பலில் இருந்தவன் ஒரே ஒருவன். மார்ச் மாதம் ஒரு நாள் அவள் விரல்களே அதைப் போட்டன. அன்று கவினா புருஷன் செத்த பிறகு முதல் தடவையாக ஒரு கோப்பை ஒயின் குடித்தாள்.

செப்டம்பர் திரும்ப வந்தது. மிக்கேல் திருநாளுக்கு ஒரு வாரம் இருந்தது. பழைய ரயில் பாதைக்கு ஊர் சார்பில் திறப்பு விழா என்று எட்டு வெளிநாட்டுக்காரர்களோடு ஊர்த்தலைவரும் சைக்கிளில் வருவதாக ஏற்பாடு. தெற்குக் காற்று அன்று விடியும்போதே அடித்தது. கவினா ஆடுகளுக்குக் காலையில் தண்ணீர் காட்டி மேல் மேய்ச்சலுக்கு ஓட்டினாள். படலை இழுத்து மூடி, புது டியூபை நாலு சுற்றுச் சுற்றி, அந்த முடிச்சைப் போட்டாள். இரண்டு குடம் நல்ல தண்ணீரும், மெல்லிய ரொட்டியும், பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டு ஊற்றோரத்து ஓக் மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

நண்பகலில் வந்து சேர்ந்தார்கள். பசிலியோ பேட்டரி சைக்கிளில் வந்தார், வழியிலேயே பேட்டரி செத்துவிட்டது. பெரிய உடம்பை இறுக்கமான கால்சட்டைக்குள் திணித்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவரின் முகம் வெந்த நண்டு போலிருந்தது. எல்லார் தண்ணீர்ப் புட்டியும் காலி. சுவரெல்லாம் முள் படர்ந்து, படலின் தலையிலும் முள் செருகியிருந்ததால் ஏறவும் வழியில்லை.

“தண்ணி அந்தப் பக்கம், சத்தம் கேக்குதே! திறங்கய்யா!” என்று பசிலியோ டியூபைப் பிடித்து இழுத்தார். அது இன்னும் இறுகியது. “கத்தி இல்லாம நான் வாசல் தாண்டினதே இல்ல. இந்தப் பாழாப்போன கால்சட்டையில ஒரு பைகூட வைக்கல!”

ஒரு ஜெர்மன்காரர் நகத்தால் முயன்றார். ஒரு டச்சுப் பெண் பல்லால் கடித்துப் பார்த்தாள். மரத்துக்குப் பின்னாலிருந்து கவினா ஒட்டாவியோவின் கையையே பார்த்தாள். அவன் தொடாமல் போய்விட்டால்?

பசிலியோவுக்குக் கண் சொருகியது, படலைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். ஒட்டாவியோ பதறிப்போனான். ஊர்த்தலைவர் திறப்பு விழாவிலேயே செத்துத் தொலைத்தால் அவன் கதி என்ன?

“தள்ளுங்க, தள்ளுங்க!”

இரண்டு விரலை உள்ளே விட்டான். பார்க்கக்கூட இல்லை. நுனியைச் சுண்டினான். நாலு சுற்றும் கழன்று தரையில் விழுந்தது.

கவினா எழுந்து வந்தாள். முதலில் பசிலியோவின் வாயில் தண்ணீர் ஊற்றினாள். எட்டு வெளிநாட்டுக்காரர்களும் குடித்தார்கள், ரொட்டியைப் பிட்டுத் தின்றார்கள். ஒட்டாவியோ கை நீட்டியபோது குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். மடியிலிருந்து பழைய டியூப் துண்டை எடுத்துப் பசிலியோவின் மடியில் போட்டாள்.

“போன வருசம் என் படல்ல இருந்த முடிச்சு, தலைவரே. இப்ப நீங்க மல்லுக்கட்டினதும் இதேதான், நான் போட்டது. ஒரு குளிர்காலம் முழுக்க ஆச்சு எனக்கு இதைப் படிக்க. அவிழ்த்துப் பாருங்க.”

பசிலியோ திருப்பித் திருப்பிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். அவிழவில்லை. பிறகு தலையை நிமிர்த்தினார்.

“ஒட்டாவியோ, இங்க வா. இதை அவிழு.”

அவன் வரவில்லை.

“நீதானா கட்டினது? வாயைத் திறடா!”

“மூடினா நல்லதுன்னு நெனச்சுதான்... பலகையிலகூட...” என்றான் ஒட்டாவியோ. “திறந்து கிடந்துச்சு. யாரோ மறந்துட்டாங்கன்னு கட்டிட்டேன். செத்துப்போச்சுன்னு கேட்டப்போ பயமாயிடுச்சு.”

“அதுக்கு என் தலையில போட்டியாக்கும்?” என்றாள் கவினா. உடம்பெல்லாம் குளிர்ந்தது போல் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

“மிக்கேல் திருநாளன்னிக்கு மேய்ச்சல் உன்கிட்டயேதான் இருக்கும், கவினா” என்றார் பசிலியோ. அவளை நேராகப் பார்க்க அவருக்கு முகமில்லை. “மதுக்கடையில நானே எழுந்து நின்னு சொல்றேன்.”

“அவன் சொல்லட்டும். அதே இடத்துல. அன்னிக்குச் சிரிச்சவங்க எல்லாரும் இருக்கணும்.”

ஒட்டாவியோ சரி என்று தலையை ஆட்டினான். உதடு வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. அவன் ஊற்று நீர் விழும் கல்தொட்டியைப் பார்த்து இரண்டடி வைத்தபோது கவினா குறுக்கே கோலை நீட்டினாள்.

“தண்ணி இல்லன்னு சொல்ற பழக்கம் எங்க வீட்டுல கிடையாது. ஆனா உனக்கு முன்னால வந்து நின்னவங்க இருக்காங்க.”

விரலை மடித்து வாயில் வைத்து விசிலடித்தாள். மேல் மேய்ச்சலிலிருந்து மணிச்சத்தம் இறங்கியது. ஐம்பத்தொன்பது ஆடுகளும் திறந்த படல் வழியாக அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு தொட்டிக்குப் போயின. அவள் ஒன்றையும் விரட்டவில்லை. குடித்து முடித்ததும் நின்று மூத்திரம் பெய்தன, மறுபடியும் குடித்தன. குட்டி ஈன்றிருக்க வேண்டிய அந்த முப்பத்தொன்றும் நின்றிருந்தால் எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம் அவனை வெயிலில் நிறுத்தி வைத்தாள். அழுதான். கண்ணில் வந்தது வியர்வைதான் என்று பிறகு சொல்லிக்கொண்டான்.

கடைசி ஆடு தலையை எடுத்தபோது தொட்டியில் சேறும் மயிரும் மிதந்தன. கவினா கோலை விலக்கினாள்.

“இப்ப குடி” என்றாள்.

அவன் முட்டி போட்டுக் குடித்தான். அவள் படலை அகலத் திறந்து, கல்லை எடுத்து அண்டக் கொடுத்தாள்.