முள் ஒரு கோடு தள்ளி

வட்ட அரம் துளைக்குள் போய் வருகிறது, இரும்புத்தூள் சென்னியப்பனின் மணிக்கட்டில் படிகிறது, அது ஆடியா ஆவணியா, இப்போது அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, சிங்காநல்லூர் ஒர்க்‌ஷாப்பில் அதே வெயில், பானட் திறந்த அதே சிவப்புக் கார், முன்சக்கரத்துக்கு மேலே காரைத் தாங்கும் ஸ்பிரிங் தண்டான ஸ்ட்ரட்டின் தலை வந்து மாட்டுகிற இரும்பு மேடு, ஸ்ட்ரட் டவர் என்பார்கள், அதில் மூன்று துளைகள், அரம் போட்டு அவற்றை நீட்டினால் ஸ்ட்ரட்டின் தலை உள்பக்கம் நகரும், சக்கரம் இம்மி சாயும், வளைவில் டயர் ரோட்டைக் கவ்வும், ரேஸ் ஓட்டுகிறவனுக்கு அந்த இம்மிதான் எல்லாம், தாமோதரனுக்கும் அப்படித்தான், இருபது வருஷமாக அவன் ஓட்டினான், இவன் சரிபார்த்தான். ஓட்டுகிறவன் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போதுதான் சாய்மானம் அளக்க வேண்டும், ஆள் பாரத்தில் கார் இறங்கும், சாய்மானம் காட்டும் கேஜின் முள் மாறும், ஆகையால் தாமோதரன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பான், பேச்சு மட்டும் ஓயாது.

வைகாசியில் வைத்த அளவு ஆடியில் இல்லை. வலது பக்கம் முள் ஒரு கோடு தள்ளி நின்றது, போல்ட்டெல்லாம் இறுக்கம், ஸ்பிரிங்கில் குறையில்லை, என்னடா இது, நாந்தான் தப்பா அளந்துட்டனாட்ட இருக்குது என்றான் சென்னியப்பன், நல்லாப் பாரு சென்னி என்றான் தாமோதரன், இவனும் நல்லாத்தான் பார்த்தான், காரை. ஆவணியில் இன்னொரு கோடு. மறுபடி அரம். பெல்ட்டில் புதிதாகக் குத்திய ஓட்டை கண்ணில் பட்டது, ஏன்டா மாப்ள, மறுக்கா பொண்ணு பாக்கப் போறியா, எளச்சுட்டே போற என்று கேலி பேசினான், தாமோதரன் சிரித்தான், அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்ததை அப்போதே கவனித்தான், கவனித்துவிட்டு அரத்தை எடுத்தான், மடையன், ஆள் கரைவதைக் கார் சொல்கிறது, இவன் காரைத் திருத்துகிறான். கார்த்திகையில் தாமோதரன் போய்விட்டான், வயிற்றில் கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்திருந்தது.

இப்போது மாசி, அவன் மனைவி சுகந்தி அதே காரில் வந்து நிற்கிறாள், வேலைக்கு இதுலதானுங்ணா போறேன், டயரு உள்பக்கமாவே தேயுது, பழையபடி ஆக்கிக் குடுங்க என்கிறாள், நீட்டிய துளைகளை வெல்டிங்கில் அடைத்துப் புதுத் துளை போட வேண்டும், கையில் வெல்டிங் கம்பி, சென்னியப்பனுக்கு அடக்க முடியவில்லை, அம்மணி, ஆடியிலயே இந்தக் காரு எங்கிட்டச் சொல்லுச்சு, அவன் எடை கொறஞ்சத நாந்தான் அளந்ததுல தப்புன்னு நெனச்சு அரம் போட்டுட்டேன், அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருக்கோணும். சுகந்தி அவனைப் பார்த்தாள். ஆடியில ஏதுங்ணா ரேஸு, ஆவணியிலயும் இல்லீங்களே, எதுக்கு வந்தாருன்னு நெனச்சீங்க, அந்த சீட்டுல உக்காந்தா சென்னிக்குத் தெரிஞ்சுரும், அவனே கேப்பான், நானா வாயெடுத்துச் சொல்ல வேண்டாம்னுதான் போனேன்னு ஆஸ்பத்திரியில கெடக்கறப்பச் சொன்னாருங்ணா.

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். சென்னியப்பன் வெல்டிங் முகமூடியை இறக்கி முகத்தை மூடிக்கொண்டான், நெடுநேரம் கம்பியைப் பற்றவைக்கவில்லை.