பதினான்காம் பத்தி

வெளியுறவு அமைச்சக இயக்குநர் பதினான்காம் பத்தியை இரண்டாவது முறையும் வாய்விட்டுப் படித்தார். மேசையின் மறுமுனையில் இருந்தவனுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. "பெயரும் முகவரியும் தர முன்வராதவர்களின் புகார்களை மன்றம் ஏற்கலாகாது. ஏற்கப்படும் ஒவ்வொரு புகாரிலும் புகார்தாரரின் பெயர் முப்பது நாட்களுக்குள் சம்பந்தப்பட்ட அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்." அவன் எழுதியது. பன்னாட்டு மனித உரிமை மன்றத்தைச் சீர்திருத்தக் கோரி அரசு கொண்டுபோகும் தீர்மானத்தில் இருபத்திரண்டு பத்திகள் இருந்தன. வெளிநாட்டுத் தூதர்கள் தேடிவந்து கைகுலுக்கியது இந்த ஒன்றுக்காகத்தான். முப்பத்தொரு நாடுகள் ஆதரவு தந்திருந்தன. அடுத்த செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்பு.

அமைச்சகத்தில் அவனைத் 'திருத்தம்' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எதை எழுதிக்கொண்டு வந்தாலும் "சின்னதா ஒரு திருத்தம்" என்று பேனாவைத் திறப்பான். பதினான்காம் பத்தியை யாரும் சொல்லி அவன் எழுதவில்லை, நம்பித்தான் எழுதினான். ஐந்து வருடங்களுக்கு முன் எவரோ பெயரில்லாமல் ஒரு புகார் அனுப்பியிருந்தார்கள், ராணுவம் ஒரு பள்ளிக்கூடத்தை எரித்துவிட்டது என்று. மன்றத்தில் அரசு சார்பில் பதில் சொல்ல அவன்தான் எழுந்து நின்றான். பேச இரண்டு நிமிடம். ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. பெரிய நாடுகளின் பிரதிநிதிகள் நாற்காலியில் சாய்ந்து, திருடனைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தார்கள். அவர்கள் நாட்டுச் சிறைகளைப் பற்றி அங்கே ஒருவரும் கேட்கவில்லை. திரும்பி வந்ததும் நேரே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். கூரையில் ஒரு ஓடுகூட நகரவில்லை. ஜன்னல் வழியே பிள்ளைகள் கையசைத்தார்கள். அன்று வண்டியில் வரும்போதே முதல் வரியை எழுதிவிட்டான்.

"இதுல ஒரு வரி சேருங்க" என்றார் இயக்குநர். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "இன்னும் முடிவாகாம நிலுவையில இருக்குற பழைய புகாருக்கும் இது பொருந்தும்னு. மேல கேக்குறாங்க."

"பழசுக்குமா மேடம்?"

"ஏன், வலிக்குதா? நம்மமேல பதினொண்ணு நிலுவையில இருக்கு. மன்றம் பதில் கேட்டு அனுப்பின நகல் எல்லாம் இந்தக் கோப்புல இருக்கு. உப்புச்சப்பில்லாத ரெண்டைப் பொறுக்குங்க, அமைச்சர் பேச்சுல உதாரணமா வைக்கலாம். நாலு மணிக்குள்ள வேணும்."

கோப்பை எடுத்துக்கொண்டு தன் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். பதினொன்றும் கையெழுத்துப் பிரதிகளின் நகல்கள். பெயர், ஊர், வேலையிடம் எல்லாவற்றின்மேலும் மன்றத்துக்காரர்கள் கறுப்பு மை பூசியிருந்தார்கள். மூன்றாவது, நிலத் தகராறு. ஐந்தாவது, யாரோ அரைகுறையாய்க் கேட்ட வதந்தி. இரண்டு கிடைத்துவிட்டன. அதோடு மூடியிருக்கலாம். பழக்கதோஷம், மிச்சத்தையும் புரட்டினான்.

ஏழாவது இப்படித் தொடங்கியது: "செவ்வாய், காலை 9.15. பதினேழாம் கட்டில். வயது இருபது இருக்கும். காவலர்கள் கொண்டுவந்தார்கள். பெயர் கேட்கக் கூடாது என்றார்கள். இரண்டு கணுக்காலிலும் ஒரே உயரத்தில் வெட்டு. மாடிப்படியில் விழுந்ததாகப் பதியச் சொன்னார்கள். விழுந்தவனுக்கு இரண்டு காலிலும் அளந்து வைத்ததுபோல் காயம் படாது. கட்டு மாற்றியது நான்."

அவன் படிப்பதை நிறுத்தினான். எழுத்துகளைப் பார்த்தான். 'ண'வின் கடைசிச் சுழியை முடிக்காமல் கீழே இழுத்துவிடும் கை. எட்டாம் வகுப்பில் அவன் கணக்கில் பெயிலானபோது மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டுக் காப்பாற்றிய கை. அரசு மருத்துவமனையில் காயங்களுக்குக் கட்டுப்போடும் பிரிவில் பதினாறு வருடமாக நர்ஸாக இருக்கும் அவனுடைய அக்கா. எத்தனை மை பூசினாலும் அந்த 'ண'வை மறைக்க முடியாது.

தாளைக் கோப்பில் வைத்து மூடினான். மணி பன்னிரண்டே கால். ஆட்டோ பிடித்தான்.

அக்கா ஒரு கிழவரின் முழங்காலுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முதலில் சிரித்தாள், பிறகு முகத்தைப் படித்தாள். கட்டை முடித்தாள். கையைக் கழுவிவிட்டு, துணிகள் அடுக்கிவைக்கும் சின்ன அறைக்கு அவனை இழுத்துப்போனாள். சலவை வாடையும் மருந்து வாடையும் கலந்து அடித்தன.

"யாருக்கு என்னாச்சு?"

"பதினேழாம் கட்டில்" என்றான்.

அவள் கதவைப் பார்த்தாள். "உன் மேசைக்கா வந்துச்சு?"

"என்ன காரியம்கா பண்ணியிருக்கே? வேலியில போற ஓணானை எடுத்து..."

"ஓணான் இல்லடா. இருபது வயசுப் பையன். மூணாம் நாள் கட்டில் காலியா இருந்துச்சு. எங்கேன்னு கேட்டேன். அப்படி ஒருத்தன் வரவே இல்லைன்னாங்க. பதிவேட்டுல பக்கமே இல்ல." அவள் குரல் ஏறவில்லை. நோயாளியிடம் மருந்து சொல்வதுபோல் சொன்னாள். "மன்றத்துல பேரு வெளிய வராதுன்னாங்க. அதான் எழுதினேன். எனக்கும் பொண்ணு இருக்கு, பயம் இல்லாம எழுதுவேனா?"

"திருப்பி வாங்கிக்கக்கா. தப்பா எழுதிட்டேன்னு ஒரு கடிதம். நானே எழுதித் தரேன்."

"எது தப்பு? சொல்லு, திருத்திக்கிறேன்."

வாக்கெடுப்பைப் பற்றி, முப்பது நாட்களைப் பற்றி, புதிதாகச் சேரப்போகும் அந்த ஒரு வரியைப் பற்றித் துண்டு துண்டாகச் சொன்னான். அவள் மடித்த போர்வையொன்றை எடுத்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"அந்தப் பத்தியை யாரு எழுதினா?"

வெளியே தள்ளுவண்டி ஒன்று கிறீச்சிட்டுப் போனது.

"நல்லாத்தான் எழுதியிருப்பே" என்றாள் அக்கா. "உனக்குச் சின்ன வயசுலயே நல்லா வரும்."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"பள்ளிக்கூடம் எரிஞ்சதுன்னு பொய் சொன்னாங்களே, அதையும் கொஞ்சம் யோசி" என்று தொடங்கினான்.

"பொய் சொன்னவன் பொய் சொன்னான். அதுக்கு என் வீட்டு முகவரி எதுக்கு?" போர்வையை அலமாரியில் வைத்தாள். "சரி விடு. ஒண்ணு மட்டும் செய். நிச்சயமாயிடுச்சுன்னா ஒரு நாள் முன்னாடி சொல்லு. பாப்பாவை மாமாவோட அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பணும்." பிறகு, போகத் திரும்பியவனை நிறுத்தி, அவன் சட்டையின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தாள்.

மூன்றரைக்கு இயக்குநர் முன்னால் நின்றான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாதத்தைச் சொன்னான்: பழைய புகார்களையும் சேர்த்தால் ஆதரவு தந்த நாடுகளில் ஏழெட்டு பின்வாங்கும். ஏற்கெனவே ரகசியம் என்று வாக்குக் கொடுத்து வாங்கியதை மீறச் சொல்கிறோம் என்பார்கள். சீர்திருத்தம் என்ற பெயரே கெட்டுவிடும். அரசின் நலனுக்குத்தான் சொல்கிறேன். எல்லாம் உண்மை. ஆனாலும் குரல் அவனுடையதாக இல்லை.

இயக்குநர் முழுவதையும் கேட்டார். அவர் கெட்டவரில்லை. சென்ற வருடம் அவன் காய்ச்சலில் கிடந்தபோது வீட்டுக்கு வந்து பார்த்தவர்.

"காலையில இது தோணலையா?"

"இல்ல மேடம்."

"மத்தியானம் எங்க போயிருந்தீங்க?"

"சொந்த வேலை."

பேனாவை மேசையில் மூன்று முறை தட்டினார். "திருத்தம், நான் ஒண்ணும் கேக்கல. நீங்களும் ஒண்ணும் சொல்லாதீங்க. ஆனா இதை நான் வாய்ப்பேச்சா மேல கொண்டுபோக முடியாது. யார் மறுத்ததுன்னு கேப்பாங்க. எழுதிக் குடுங்க. பேரு, பதவி, கையெழுத்து. அப்புறம் உங்களைப் பத்தி விசாரிப்பாங்க. வீடு, வாசல், சொந்தபந்தம், எல்லாம். தெரியுமில்ல?"

"தெரியும்."

"இல்லன்னா அந்த வரியைச் சேர்த்துட்டுப் போய் டீ குடிங்க."

கையெழுத்துப் போட்டால் விசாரிக்கிறவர்கள் அக்காவிடம் போய் நிற்கலாம். போடாவிட்டால் முப்பது நாளில் நிற்பார்கள். பெயரில்லாமல் ஒரு தாளை மேலே அனுப்ப வழி உண்டா என்று மனசு ஒரு கணம் தேடியது. தேடுவது தெரிந்ததும் அவனுக்கே காது சுட்டது.

நின்றபடியே எழுதினான். ஒன்றரைப் பக்கம். பழைய புகார்கள் கூடாது என்பதோடு நிறுத்தவில்லை. பதினான்காம் பத்தியையே எடுத்துவிட வேண்டும், அதை எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன் என்று கடைசியில் ஒரு வரி தானாக வந்து விழுந்தது. அதற்குக் கீழே முழுப் பெயர், பதவி, தேதி. இயக்குநர் கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். கோப்பில் வைத்து நாடாவைக் கட்டினார்.

நடைவழியில் நின்று அக்காவைக் கூப்பிட்டான். "நிச்சயமாகல. ஆனா இன்னைக்கே அனுப்பிடு."

"ரெண்டு மணி பஸ்ஸுக்கே போயிட்டாங்க" என்றாள். "உன் மூஞ்சியைப் பார்த்தப்பவே தெரிஞ்சுபோச்சு. நீ சாப்பிட்டியா?"

"ம்" என்று பொய் சொன்னான்.

கோப்புகளை மாடிக்குக் கொண்டுபோகும் அலுவலக உதவியாளர் மின்தூக்கி முன்னால் நின்றுகொண்டிருந்தார். கழுத்துவரை அடுக்கிய கட்டை மோவாயால் அழுத்திப் பிடித்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, அவர் மோவாய்க்குக் கீழே, அவனுடைய கோப்பு. கதவு திறந்தது. உள்ளே கூட்டம். ஆட்கள் முணுமுணுத்தபடி நெருங்கி, சுவரோடு ஒட்டி, அவருக்கு இடம்விட்டார்கள்.