பத்து விநாடிச் சோதனை

எங்கள் மேற்பார்வையாளருக்குக் காது குடைய என் மேசை இடுக்கிதான் வேண்டும். எடுப்பார், குடைவார், நுனியில் வந்ததைப் பார்ப்பார், திரும்பத் தட்டில் போடுவார். அதே இடுக்கியால்தான் நான் நாள் முழுக்கக் கைக்கடிகாரங்களின் உள்பாகத்தைத் தூக்கிச் சோதனைக் கருவியில் வைக்க வேண்டும்.

கருவி கடிகாரத்தின் துடிப்பைக் கேட்டு, நாளுக்கு எவ்வளவு முந்தும், பிந்தும் என்று சொல்லும். கால் விநாடி தாண்டினால் கழிவு. ஒவ்வொன்றையும் முழுதாக அறுபது விநாடி கேட்க வேண்டும். உள்ளே துடிக்கும் குவார்ட்ஸ் படிகத்தை வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக ஓடும்படிதான் செய்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்திலுள்ள மின்சில்லு அந்த மிச்சத்தை வெட்டிவிடும். வெட்டு விழும்வரை பொறுக்காவிட்டால் நல்ல கடிகாரமும் ஓட்டையாகத்தான் தெரியும்.

"அறுபது செகண்டா? என்னடா, ஜாதகமா பாக்குற? பத்துல வை."

"பத்துல தப்பா காட்டும் சார்."

"எனக்கே பாடமா? வைடா."

வைத்தேன். அது என் பங்கு. மத்தியானத்துக்குள் அன்றைக்கு வந்த நானூறு கடிகாரங்களும் கழிவுத் தட்டில் கிடந்தன.

மேலாளர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். மேற்பார்வையாளர் கொஞ்சமும் கூசாமல் என் அண்ணியைக் காட்டினார். அண்ணிதான் படிகம் பொருத்துகிறவர். எனக்கு இந்த வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே.

"கை வேர்வை சார். இந்தம்மா வெறும் விரலால தொடுது."

விரலுறையைக் கழற்ற மறந்து அப்படியே டீ குடிக்கிற மனுஷி அவர்.

மேலாளர் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் ஓடினேன். "அண்ணி, எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. அறுபதுல அளந்து காட்டுறேன்."

"போட்டுட்டேனே தம்பி. மன்னிப்பு எழுதிக் குடுத்தா வேலை போகாதுன்னு சூப்பர்வைசர் சொன்னாரு."

மேலாளரைக் கெஞ்சி நிறுத்தினேன். கழிவிலிருந்து பத்தை எடுத்து, ஒவ்வொன்றையும் அறுபது விநாடி வைத்தேன். பத்தும் நல்லவை.

"நான் திட்டின திட்டுல சரியாயிருச்சு சார்" என்றார் மேற்பார்வையாளர். தட்டில் கிடந்த கடிகாரத்துக்குக் காது இருக்கிறதாம்.

"நல்லதாப் போச்சு. நானூறையும் பெட்டியில போடுங்க" என்றார் மேலாளர்.

"அப்ப எங்க அண்ணி சார்?"

"தப்பு பண்ணாதவ எதுக்குப்பா மன்னிப்பு எழுதுவா? எழுதிக் குடுத்திருக்காளே." காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நாளையிலேருந்து வர வேணாம்னு சொல்லிடு."

அண்ணி விரலுறைகளை ஒவ்வொன்றாக உருவிப் போட்டார். உள்ளே விரல்கள் வெளுத்து, காய்ந்து கிடந்தன. "உங்க அண்ணன் கேட்டா கை வேர்த்துச்சுன்னு சொல்லிக்கறேன்" என்று சிரித்தார்.

மறுநாள் காலை மேற்பார்வையாளர் வந்தார். இடுக்கியை எடுத்தார், குடைந்தார், பார்த்தார்.

"அறுபது ரொம்ப அதிகம்டா. ஒரு இருபது வச்சுக்க."

அவர் தட்டில் போட்ட இடுக்கியைக் காகிதத்தால் பிடித்து, அவர் கண்ணெதிரே குப்பைத் தொட்டியில் எறிந்தேன்.

"ஏன்டா?"

"நாறுது சார்."